ராகுகாலத்தில் ஒரு பயாஸ் அப்டேட்

நகரியில் எங்கள் தறிகளுக்கான புடவை டிசைன் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. இன்று காலை அதில், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. 'அணைக்காதீர்கள்' என்று திரை கெஞ்சியது.

அப்பா சுவிட்சை அணைத்தார்.

"இன்னாத்துக்கு நைனா ஆஃப் பண்ணே?"

"பத்தரைக்கு ராவுகாலம்மா. அதுல மிஷினு திரும்ப ஸ்டார்ட் ஆவக்கூடாது."

அதன்பிறகு ஸ்டார்ட்டே ஆகவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு போன் போட்டேன். பார்க்காமலே, "போர்டு போச்சு, மாத்தணும்" என்றார். மகா மேதை!

தம்பி லேப்டாப்பில் பயாஸ் ஃபைலை இறக்கி, பென்டிரைவில் போட்டு, பின்பக்கம் செருகி, மீட்புப் பட்டனை அழுத்தினேன். பன்னிரண்டு மணிக்கு மேல் உயிர் வந்தது.

"பாத்தியா, ராவுகாலம் முடிஞ்சதும் தானா வந்துடுச்சி!" என்றார் அப்பா.

அப்டேட்டின் நடுவே சுவிட்சை அணைக்க எது நல்ல நேரம்? பஞ்சாங்கம் தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.