ஏழாவது படத்துக் காகம்

என் மகள் வானத்தைப் பார்த்தால்தான் வாயைத் திறப்பாள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. நான்கு மணி வாக்கில் பருப்புச் சாதத்தைக் கிண்ணத்தில் பிசைந்து எடுத்துக்கொண்டு, நாங்கள் குடியிருந்த அடுகோடியில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரைக்குப் போவேன். அங்கே பருந்துகள் வட்டமடிக்கும். ஒரு பருந்துக்கு ஒரு வாய். பருந்து வராத நாளில் சாதம் அப்படியே வீடு திரும்பும். நான் இரண்டு நாளைக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்து, மெலிந்துவிட்டாளோ என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேமரா என் அப்பாவுடையது. தங்கவயலில் சுரங்க ஆபீசில் அவர் குமாஸ்தாவாக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனது. திறந்தால் துருத்தி மாதிரி முன்னால் நீளும். மூடினால் ஜாமெட்ரி பெட்டி போல அடங்கிவிடும். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். பின்பக்கம் ஒரு சிறிய சிவப்புக் கண்ணாடி, அதில் எத்தனையாவது படம் என்று எண் தெரியும். அதைப் பெட்டியிலேயே வைத்திரு என்றுதான் என் கணவர் சொல்லியிருந்தார். குழந்தையைப் படம் எடுக்கிறேன் என்று கேட்டு வெளியே எடுத்தவள் நான். குழந்தைக்கு ஒரு படம் எடுத்தேன். மீதி ஏழும் பருந்துக்குப் போயின.

ஸ்டுடியோவிலிருந்து வந்த படங்களை அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஏழிலும் வெறும் வானம்.

"இது என்ன?"

"பருந்துங்க."

"எங்கே?"

அந்த 'எங்கே'யை அவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் முதல் வகுப்பு வாங்கியவள், ஒரு பருந்தைப் படத்துக்குள் கொண்டுவர முடியவில்லையே என்று கோபம் வந்தது. அவர்மேல்தான் கோபம் என்று அப்போது நினைத்தேன்.

மெல்லத்தான் புரிந்தது. பருந்தைப் பார்த்து, நின்று, அழுத்தினால் அது போய்விடும். அதோடு சேர்ந்து நாமும் இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும். திரும்பிக்கொண்டிருக்கும்போதே அழுத்த வேண்டும், அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தக் கூடாது. இதற்கு இரண்டு கையும் வேண்டும். குழந்தையைக் கீழே விட்டால் தண்ணீர். புல்லில் பாம்பு இருக்கலாம். பழைய சேலையைக் கிழித்து, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டிக்கொண்டேன். அது சரியா என்று தினமும் யோசித்தேன். தினமும் கட்டினேன்.

அடுத்த வீட்டு அக்கா கரையில் மாட்டுக்குப் புல் அறுக்க வருவாள். "ஏம்மா, பெத்த பிள்ளையைக் கன்னுக்குட்டி மாதிரி கட்டிப்போட்டுட்டு ஆகாசத்துல என்னத்தைத் தேடுறே?" என்பாள். பழகுகிறேன் என்பேன். எதற்கு என்று கேட்பாள். நான் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொள்வேன்.

அவள் கணவரும் என் கணவரும் கிழக்கே இருந்த விமானத் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் தற்காலிக ஆட்களாக இருந்தார்கள். இரண்டு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. பொங்கலுக்குள் தெரிந்துவிடும் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த அக்கா எங்கள் வீட்டில் தயிருக்கு உறை மோர் கேட்பதை நிறுத்திவிட்டாள். நானும் கொடுக்க வேண்டியதில்லையே என்று நிம்மதிப்பட்டேன். நல்ல எண்ணம் இல்லைதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சீன யுத்தம் வந்தது. தெரு முழுக்க ஜவான்களுக்கு ஸ்வெட்டர் பின்னியது. டீக்கடையில் ஒற்றர்களைப் பற்றிய பேச்சு. ஏரிக்கரைக்குப் போவதை நிறுத்தட்டுமா என்று என் கணவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் நிறுத்து என்று சொல்லிவிடுவாரே என்று கேட்கவில்லை.

தொழிற்சாலைப் பக்கம் இறங்கும் விமானங்கள் எங்கள் ஏரிக்கு மேலேதான் போகும். சீராக, நேராகப் போகும். எப்போது எங்கே திரும்பும் என்று மனத்தை அலைக்கழிக்காது. உடம்பைத் திருப்பிப் பழக அதைவிட நல்ல பறவை கிடையாது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதோடு திரும்புவேன், அழுத்த மாட்டேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நோட்டும் வைத்திருந்தேன். எந்தத் தப்பை எப்போது செய்தேன் என்று தெரிந்தால்தானே திருத்த முடியும்? படம் எடுத்ததும் கையோடு எழுதிவிடுவேன். மணி, திசை, எவ்வளவு உயரம், வெயில் எந்தப் பக்கம், தனியா ஜோடியா. பருந்து என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. நோட்டு முழுக்கப் பருந்துதான் என்பது எனக்குத் தெரியுமே.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மூத்தவர் கன்னடத்தில் கேமராவைக் கேட்டார். கொடுத்தேன். கேட்காமலேயே உள்ளே போய் நோட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எல்லா நோட்டையும் மேசைமேல் அடுக்கிப் பழகியவள். மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நானாகக் கொடுக்காவிட்டால் அப்படி ஒரு நோட்டு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அடுத்த வீட்டு அக்கா முன்னால் வந்தாள். நன்றாகப் படித்தாள், நிறுத்தி நிறுத்தி, கன்னடத்திலும் சொல்லிக்கொண்டே.

"நாலு பத்து. மேற்கேயிருந்து கிழக்கே. தாழ்வா. ஜோடி."

எதைப் பற்றி இது என்று அவர் கேட்டார். "எனக்கென்ன தெரியும் சார்? எழுதினவங்களைக் கேளுங்க" என்றாள். நான் பருந்து என்றேன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

போலீஸுக்குச் சொன்னது அவள்தானா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. அவள் இல்லை என்று நினைக்க முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

கேமராவைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு அவர்கள் கிளம்பும்போதுதான் சிவப்புக் கண்ணாடி என் கண்ணில் பட்டது. எட்டு. ஒரு படம் எடுத்ததும் அடுத்த எண்ணுக்குத் திருகிவிடுவது என் வழக்கம். ஆகவே ஏழு படம் எடுத்தாகிவிட்டது. நோட்டில் ஆறுதான் எழுதியிருந்தேன்.

அந்த ஏழாவது எது? முந்தின நாள் ஒரு விமானம் போனபோது அதோடு திரும்பினேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை சேலைத் துணியைப் பிடித்து இழுத்தாள். நான் தடுமாறினேன். விரல் அழுத்தியதா? பழக்கத்தில் கை தானே திருகிவிட்டதா? மூன்று நாள் இதையே யோசித்தேன். சோறு குழைந்தது, பால் பொங்கி வழிந்தது.

என் கணவரைத் தொழிற்சாலையில் கூப்பிட்டு விசாரித்தார்களாம். வீட்டில் அவர் என்னோடு பேசவில்லை. குழந்தையிடம் சொன்னார்: "உங்கம்மாவால எனக்கு வேலை போனா, பருந்து வந்து சோறு போடுமான்னு கேளு." அவள் பருந்து என்ற சொல்லைக் கேட்டு வாயைத் திறந்தாள். அவர் சிரிக்கவில்லை. ஏழாவது படத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவுமில்லை.

நான்காம் நாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். இன்ஸ்பெக்டரின் மேசையில் என் நோட்டு, கேமரா, கழுவி அச்செடுத்த ஏழு படங்கள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக் கீழே போட்டார். இரண்டு வெறும் வானம். ஒன்றில் பாதி இறக்கை. நான்காவது ஒரே கலங்கல்.

ஐந்தாவதில் பருந்து இருந்தது. இரண்டு இறக்கையும் விரிந்து, ஓர இறகுகள் விரல் விரலாகப் பிரிந்து, தலையை மட்டும் சாய்த்துக் கீழே பார்த்துக்கொண்டு. பின்னால் ஏரிக்கரை கோடு கோடாக இழுபட்டிருந்தது. பருந்து மட்டும் அசையவில்லை. நான் அதோடு திரும்பியிருக்கிறேன்.

ஆறாவதில் வால். ஏழாவதை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகத்தான் பார்த்தேன். போதுமானதாக இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். ஆனால் எந்தப் பறவைக்கும் இறக்கை அப்படி அடிக்கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்காது. அவர் கெட்டுப்போன மற்றப் படங்களோடு அதையும் ஒதுக்கிவிட்டார்.

இனி வானத்தைப் படம் எடுப்பதில்லை என்று எழுதிவைத்திருந்த தாளில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். தொழிற்சாலைக்குத் தப்பாக ஒன்றும் எழுதப்போவதில்லை என்று அவர் என் கணவரிடம் சொன்னார். கேமராவை எடுத்துப் போகச் சொன்னார். என் கணவர் எழுந்து கும்பிட்டார். நான் எழவில்லை.

"சார், அந்த அஞ்சாவது படத்தை மட்டும் குடுப்பீங்களா?"

என் கணவர் என் காலை மிதித்தார். இன்ஸ்பெக்டர் எந்தப் படம் என்று மறுபடியும் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினார். ஏழாவது அவர் கையில் நின்றது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"காகம் சார். சரியா வரலை."

பொய் சொல்லுமுன் ஒரு நொடியாவது தயங்கியிருப்பேன் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். தயங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "காக்காவையும் விடலியா நீ? நல்ல படம் ஃபைலுக்கு வேணும். உன் காக்காவை நீயே வச்சுக்கோ" என்று அதை என் கையில் கொடுத்தார்.

வெளியே வந்து தெருமுனை திரும்பும்வரை என் கணவர் வேகமாக நடந்தார். பிறகு கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் விமானத்தின் இறக்கையைத் தினமும் தொட்டு வேலை செய்பவர். பார்த்ததும் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"இது அந்த மேசையில இருக்கறப்பவா பருந்தைக் கேட்டே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வந்ததும் படத்தை அவரே அடுப்பில் போட்டார். நான் அதன்மேல் உலை வைத்தேன்.

பொங்கலுக்குப் பிறகு அவரை நிரந்தரமாக்கினார்கள். அடுத்த வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனார்கள். போகும்போது அந்த அக்கா என் குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தாள், என்னைப் பார்க்கவில்லை. கேமராவை அவர் அலமாரியின் மேல் வைத்தார். பூட்டி வைக்கவில்லை, எடுக்க மாட்டேன் என்று தெரியும். நானும் எடுக்கவில்லை. அது பயமா கீழ்ப்படிதலா என்று எனக்கே தெரியவில்லை.

இப்போதும் வீட்டுக்கு மேலே விமானம் போனால், விருந்தாளிகள் இருந்தாலும்கூட, அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வார்: "உன் காக்கா போகுது, பாரு."

நான் பார்ப்பேன். இடுப்பு தானாகத் திரும்பும்.