இணையம் நின்ற நாட்கள்

பாலைவன நாடொன்றில், இன்னொரு நாட்டுப் படை அமைத்திருந்த முகாமில் நான் சலவை வேலை செய்தேன். படையினர் பைகளில் கட்டிக் கொடுக்கும் உடுப்புகளைத் தோய்த்து, காயவைத்து, மடித்து, இலக்கம் பார்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாள் முழுவதும் நின்றே செய்கிற வேலை. கட்டடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது. வாசலில் உள்ள பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் மட்டக்களப்புப் பக்கம் செட்டிபாளையத்தில் இருந்த மனைவிக்குக் காலையில் ஒரு குரல்பதிவு அனுப்புவேன், வேலை முடிந்ததும் பேசுவேன்.

ஆரம்பத்தில் அந்தக் குரல்பதிவில் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு வெயில் என்றெல்லாம் சொல்வேன். பிறகு அது சுருங்கிக்கொண்டே வந்தது. “நான் நல்லா இருக்கன். வேலைக்குப் போறன்.” அவ்வளவுதான்.

“ரேடியோவில காலநிலை வாசிக்கிற மாதிரி இருக்கு,” என்றாள் ஒரு நாள். “கொஞ்சம் கதையுங்களன்.”

கதைக்க ஆசைதான். வேலை முடிந்து கட்டிலில் விழுந்தால் வாய் திறக்க வராது. அவள் அங்கே மகளின் பள்ளிக்கூடம், கிணற்று மோட்டார் பழுதானது என்று சொல்லிக்கொண்டே போவாள். நான் ஓம், ஓம் என்பேன். சில நேரம் ஓம் சொல்லிக்கொண்டே தூங்கிப்போவேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள். சைரன் அடித்தால் உடனே குப்புறப் படுக்க வேண்டும், தலையைக் கையால் மூட வேண்டும், சத்தம் ஓய்ந்ததும் பதுங்குகுழியான பங்கருக்குள் ஓட வேண்டும். பங்கர் என்றால் என்ன என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடிக்காரர், சாப்பாட்டுக்கூடத்தில் வேலை. சின்ன வயதில் நாங்கள் இருவருமே யுத்தம் நடந்த ஊரில் பங்கருக்குள் இருந்து வளர்ந்தவர்கள். அவர் என் காதருகே குனிந்தார்.

“மச்சான், இதுக்கா விசா எடுத்து வந்தம்?”

அன்றிலிருந்து சிநேகிதர்களானோம். ஒரே அறை கேட்டு வாங்கினோம். கட்டிலுக்குக் கீழே ஆளுக்கொரு பை வைப்பது அவருடைய யோசனை: கடவுச்சீட்டுப் பிரதி, தண்ணீர்ப் போத்தல், தலைவலிக் குளிசை, போனுக்கு சார்ச் ஏற்றுகிற பவர்பேங்க். எங்கள் மனைவிமார் இருவரும் நம்பர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.

“உனக்கு ஒண்டு நடந்தா எனக்குத் தெரியும். எனக்கு ஒண்டு நடந்தா உனக்குத் தெரியும். ஊரில இரிக்கிறவங்களுக்கு ஆரு சொல்ற?”

என் மனைவி தயங்கினாள். “முன்னப்பின்ன தெரியாத ஆக்களோட என்னத்தக் கதைக்கிற?” பிறகு எப்படியோ பேசத் தொடங்கிவிட்டார்கள்.

சைரன் அடிக்கடி அடித்தது. பெரும்பாலும் ஒன்றும் விழாது. படுப்போம், ஓடுவோம், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மடிப்போம். பயம்கூட ஒரு கட்டத்தில் அலுத்துப்போகும். ஆனால் ஒரு நாள் முற்பகலில், நாங்கள் பங்கருக்குள் இருக்கும்போதே நிலம் அதிர்ந்தது. முகாமின் மறுகோடியில் ஏவுகணை ஒன்று விழுந்திருந்தது. எங்கள் பகுதியில் யாருக்கும் காயமில்லை. ஓட்டமாவடிக்காரரும் புழுதியோடு வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்து போனை எடுத்தால் இணையம் இல்லை, அழைப்பும் போகவில்லை.

மேற்பார்வையாளர் காரணம் சொன்னார். படையினர் யாராவது இறந்தால், அவர்களுடைய குடும்பத்துக்கு முறையாக அறிவிக்கும்வரை முகாமிலிருந்து ஒரு செய்தியும் வெளியே போகக்கூடாதாம். நியாயமான விதிதான். எங்கள் குடும்பங்களுக்கு அறிவிப்பது யார் என்று அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க யாருக்கும் தெம்பிருக்கவில்லை.

வேலை நிற்கவில்லை. மடித்து வைத்த சில பைகளை எடுக்க ஆள் வரவில்லை. அவற்றை ஓரமாக ஒதுக்கி வைத்தோம்.

அந்த நாட்களில் ஊரில் நடந்ததை மனைவி பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். தொலைக்காட்சியில் முகாம் எரிவதைக் காட்டியிருக்கிறார்கள். அன்று இரவு நான் பேசவில்லை, மறுநாள் காலை என் குரல்பதிவும் வரவில்லை. ஓட்டமாவடியில் என் சிநேகிதரின் மனைவிக்குப் போன் எடுத்திருக்கிறாள்.

“உங்களுக்கும் வரல்லியா?” என்று கேட்ட அந்தப் பெண் அழத் தொடங்கிவிட்டார். கைக்குழந்தையோடு தனியாக இருந்தவர்.

என் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். மட்டக்களப்பில் இறங்கி இன்னொரு பஸ். அதுவரை அவள் ஓட்டமாவடியில் கால் வைத்ததே இல்லை. வழி விசாரித்து வீட்டை அடைந்தபோது அந்தப் பெண் வாசலில் நின்றாராம்.

“வாங்க புள்ள. சாப்பிட்டீங்களா?”

இருவரும் பேசி முடிவெடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். சொந்தக்காரர்கள் மாறி மாறி அழைத்தார்கள். இரண்டு போனையும் என் மனைவியே வாங்கி வைத்துக்கொண்டாள். “ஒண்டும் தெரியா. தெரிஞ்சா நாங்களே சொல்றம். வையுங்க,” என்று எல்லோருக்கும் ஒரே பதில். சமைத்தார்கள், குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், அருகருகே பாய் போட்டுப் படுத்தார்கள்.

ஒரு நண்பகலில் முகாமில் இணைப்பு திரும்பியது. இரவெல்லாம் சிக்னல் தேடித் தேடியே என் போனும் பவர்பேங்கும் செத்துக் கிடந்தன. ஓட்டமாவடிக்காரர் ஸ்பீக்கரில் போட்டுத் தன் மனைவிக்கு எடுத்தார்.

“ஹலோ?”

அவர் திகைத்துப் போனைப் பார்த்தார். குரல் அவருடைய மனைவியின் குரல் அல்ல. “இது ஆரு?”

“அவ தொழுறா. நீங்க... என்ட மனிசன் எங்க?”

“இஞ்சதான் நிக்கிறன்,” என்று போனை வாங்கிக்கொண்டு சொன்னேன்.

உடனே அவள் குரலில் கோபம் வந்தது. “உங்கட போன் என்ன?”

“சார்ச் இல்ல.”

“அப்ப அந்த பேக்க என்னத்துக்குக் கட்டி வச்சிருக்கீங்க?”

ஓட்டமாவடிக்காரர் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்தார், அப்படியே அழுதுவிட்டார். பின்னால் அவருடைய மனைவி ஓடிவருகிற சத்தம் கேட்டது. போனை அவருடைய கையில் கொடுத்துவிட்டு நான் தள்ளிப்போய் நின்றேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் ஓட்டமாவடிக்காரர் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். இப்போது வயல் வட்டையில் நெல் செய்கிறார். நான் திரும்பவும் கையெழுத்து வைத்தேன். இம்முறை விடுமுறைக்கு வந்தபோது குடும்பமாக அவர் வீட்டுக்குப் போனோம். பெண்கள் இருவரும் குசினியில் சமைத்துக்கொண்டே ஓயாமல் பேசினார்கள். எங்கள் இருவருக்கும் பேச அதிகம் இருக்கவில்லை.

“திரும்பப் போறியா?”

“போகத்தான் வேணும்.”

அவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். சாப்பிட்ட களைப்பில் கதிரையிலேயே தூங்கிவிட்டேன். மனைவி தோளைத் தட்டி எழுப்பியபோது மகள் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குத் தயாராக நின்றாள்.