தங்கச்சி அளவு

சூட்கேஸில் முதலில் ஏறுவது நூல்தான். பதினொரு உருண்டைகளையும் மூலைக்கு மூலை அடுக்கிவிட்டு, நடுவில் விழுகிற பள்ளங்களில் உடுப்புகளைச் சுருட்டிச் சுருட்டித் திணிக்கிறார் நூலக்கா. இடம் போதவில்லையென்றால் வெளியே வருவது ஒரு ஜோடி உடுப்பு, நூல் வராது. "துணியைத் துவைச்சுப் போட்டுக்கலாம்டி. நடுவழியில நூல் தீர்ந்துட்டா எதைத் துவைக்கிறது?" என்பார். நான்கு நாள் பயணத்துக்கு இரண்டு உடுப்போடு கிளம்புகிற மனுஷியோடு ஒரே அறையில் தங்கிப் பார்த்தால்தான் என் பாடு தெரியும். குளியலறைக் கம்பியில் எந்நேரமும் ஏதாவது ஒன்று சொட்டிக்கொண்டே இருக்கும்.

அவர் வேலை டயாலிசிஸ் மெஷினைப் பழுதுபார்ப்பது. சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்து உள்ளே அனுப்புகிற அந்த மெஷின், ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளில் நிற்கிறது. எங்கே அது முரண்டு பிடிக்கிறதோ அங்கே கம்பெனி இவரை அனுப்பும், கூடவே என்னையும். அவர் சரிசெய்வார், அதை எப்படி ஓட்டுவது என்று நர்ஸுகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன். மாதத்தில் பதினெட்டு நாள் இப்படி ஜோடியாக அலைகிறோம். நூலக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. கையில் எப்போதும் பின்னல் ஊசி இருப்பதால், "யாருக்குக்கா நூல் விடுறீங்க?" என்று ஆபீஸில் சிறுசுகள் சீண்டுவார்கள். "உங்கப்பனுக்குத்தான்" என்று, கண்ணி எண்ணுவதை நிறுத்தாமலேயே பதில் வரும். நூலக்கா என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

பழுது நீங்கியதும் மெஷினைக் கொதிநீரில் கழுவவிட வேண்டும். முப்பத்தைந்து நிமிஷம் அது தானே கழுவிக்கொள்ளும். பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். ஆனால் செய்வதற்கு ஒன்றும் இராது. மற்ற மெக்கானிக்குகள் போனை நோண்டுகிற நேரம் அது. நூலக்கா சோப்புப் போட்டு இரண்டு தடவை கையைக் கழுவித் துடைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு கழுவலுக்குப் பன்னிரண்டு வரிசை. வெளியே காத்திருக்கிற நோயாளியின் மனைவி கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கேட்டால், "இன்னும் அஞ்சு வரிசைம்மா" என்பார். அந்த அம்மாவும் என்னவோ புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுப் போவார்.

அவருடைய டைரியில் ஊருக்கு ஒரு பக்கம். மேல் பாதியில் ஆஸ்பத்திரி விலாசம், கீழ்ப் பாதியில் கம்பளிக்கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், வாராந்தர விடுமுறை. ஏழரைக்குக் கடை மூடுகிற ஊரில் ஆறே முக்காலுக்குள் மெஷின் ஓடியே தீரும். ஒன்பது மணிவரை கடை இருக்கிற ஊரில் அதே கோளாறு எட்டு மணிவரை இழுக்கும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மேனேஜருக்கும் நான் இதைச் சொன்னதில்லை.

இப்போது அவர் கையில் இருப்பது கொழுந்திலைப் பச்சையில் ஒரு ஸ்வெட்டர். அந்த நூலை வாங்கிய அன்று எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு ரயில்களுக்கு நடுவே ஐம்பது நிமிஷம் இருந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கம்பளிக்கடையும் இருந்தது. ஒரே நிறமானாலும் சாயம் தோய்க்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை வித்தியாசம் வந்துவிடுமாம். உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் அந்தத் தடவைக்கு ஓர் எண் அச்சடித்திருக்கும். எண் மாறினால், பின்னி முடித்த பிறகு நெஞ்சுக்குக் குறுக்கே கோடு இழுத்ததுபோலத் தெரியும். அவருக்கு வேண்டியது பதினொன்று. தட்டில் இருந்ததோ ஒரே எண்ணில் ஒன்பது. கடைக்காரரை ஏணி போட்டு ஏறவைத்தார். மூட்டை மூட்டையாக இறக்கவைத்தார். எண் மங்கிப்போன இரண்டு உருண்டைகளை என் கையில் கொடுத்து, "வெளிய வெயில்ல கொண்டுபோய்ப் பாரு. டியூப்லைட் பொய் சொல்லும்" என்றார். நடுரோட்டில் இரண்டு கையிலும் பச்சை உருண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவளை ஊரே வேடிக்கை பார்த்தது.

"அக்கா, வண்டி போயிடும்!"

"வண்டி நாளைக்கும் வரும். இந்த நம்பர் வராது."

கடைசிப் பெட்டியில்தான் தொற்றி ஏறினோம். மூச்சு இரைத்து அடங்கியபிறகு யாருக்கு இந்த ஸ்வெட்டர் என்று கேட்டேன். "தங்கச்சிக்கு. குளிர் ஆகாது அவளுக்கு. லேசா பட்டாலே மூச்சு இழுக்கும்" என்றார். உடனே என்னை எழுந்து நிற்கச் சொல்லி, முதுகைத் திருப்பி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துத் தோளுக்குத் தோள் சாண் போட்டார். "அவளும் உன் உடம்புதான் இருந்தா" என்றார்.

அந்த 'இருந்தா'வில் நான் ஆடிப்போய்விட்டேன். செத்துப்போன தங்கைக்கு அளவெடுக்கிறாரா இந்த மனுஷி? அன்று முழுக்க நான் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை. ஈரத்துணி சொட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. என் நல்ல குணத்தைப் பார்த்து அவருக்கே சந்தேகம் வந்து, "காய்ச்சலாடி?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தங்கை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் ரயில் பாதையிலேயே, பெரிய பாலம் தாண்டியதும் வருகிற ஊரில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவையாவது வீடு திரும்பும்போது அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறோம். ரயில் அங்கே மூன்று நிமிஷம் நிற்கும். நூலக்கா இறங்கியதில்லை.

ஆனால் ஒன்று செய்வார். ஸ்வெட்டர் முக்கால்வாசி வளர்ந்திருக்கும். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் முடிந்திருக்கும். பாலம் நெருங்கும்போது அதை மடியில் விரித்துப் போட்டு, தடவித் தடவிப் பார்த்து, ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். "தோள் இறங்கிடுச்சு." அடுத்த தடவை, "இடுப்பு பத்தாது. இந்த வயசுல பெருத்துத்தான் இருப்பா." அதற்கடுத்த தடவை, "ஒருவேளை இளைச்சிருந்தா தொளதொளன்னு தொங்குமே." ஊசியை உருவி, நுனியைப் பிடித்து இழுக்க ஆரம்பிப்பார். ஒரு மாத உழைப்பு விறுவிறுவென்று பிரிந்து வரும். ரயில் அந்த ஊரைவிட்டு நகரும்போது அவர் மடியில் சுருள் சுருளாக நூல்தான் கிடக்கும். பிரித்துப் பிரித்து நூலெல்லாம் பஞ்சாகிவிட்டது. எனக்கு வயிறு எரியும்.

மூன்றாவது தடவை பிரித்தபோது பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். அப்போதுதான் சொன்னார், நூலைச் சுற்றிக்கொண்டே.

"அம்மா விழுந்து படுத்துட்டாங்க. பதினாலு மாசம். குளிப்பாட்டுறது, ஊட்டுறது, எல்லாம் அவதான். நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டிட்டு ஓடுவேன். கடைசி நாள், சீக்கிரம் வான்னு போன் பண்ணினா. நான் ஒரு ஆஸ்பத்திரியில இருந்தேன். அங்க இருந்த ரெண்டு மெஷினும் நின்னுபோச்சு. நாலு பேர் காத்துட்டிருந்தாங்க, மூஞ்சியெல்லாம் வீங்கிப்போய். முடிச்சிட்டு வரேன்னு சொன்னேன். முடிச்சிட்டுத்தான் போனேன். அதுக்குள்ள அம்மா முடிஞ்சுட்டாங்க."

வாசலிலேயே வழிமறித்துக்கொண்டு தங்கை கேட்டாளாம், "ஊரான் வீட்டு மெஷினுக்கு இருக்கிற நேரம் பெத்தவளுக்கு இல்லையா? காரியம் முடிஞ்சதும் கிளம்பிடு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

"நீங்க சொல்லியிருக்கலாமே, அந்த நாலு பேரும் பிழைச்சாங்கன்னு?"

"பிழைச்சாங்கதான். அவகிட்ட போய் அதையா சொல்றது? அம்மாவும்தானே காத்துட்டிருந்தாங்க."

நான்கு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. வாசப்படி மிதிக்காதே என்றால் மிதிப்பதில்லை. அவ்வளவு ரோஷமா என்றால் ரோஷமும் இல்லை. பயம். எத்தனையோ மெஷினைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற மனுஷிக்குத் தன் கூடப்பிறந்தவளின் வாசலில் போய் நிற்கப் பயம்.

போன மாதம் மறுபடியும் பாலம் நெருங்கியது. இந்தத் தடவை இரண்டு கையும் முடிந்து, கழுத்துப் பட்டி மட்டும்தான் பாக்கி. வழக்கம்போல விரித்துப் போட்டார். தடவினார். "கை நீளம் பத்துமான்னு தெரியல" என்று ஊசியை உருவப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அளவுதானே தெரியணும்? போனைப் போட்டுக் கேளுங்க."

"கேட்டா?"

"கேட்டா சொல்லுவாங்க. இல்ல, திட்டுவாங்க. திட்டினாலும் குரலையாவது கேட்ட மாதிரி இருக்கும்ல? நூலைப் பிரிக்கிறதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடிக்குது, சொல்லிட்டேன்!"

எதிர் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். நூலக்கா என்னையே பார்த்தார். பிறகு போனை எடுத்து, பெயரைத் தேடாமல், பத்து எண்ணையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். மெஷின் ரூம் இரைச்சலுக்காக அவர் போனில் சத்தம் எப்போதும் உச்சத்தில் இருக்கும். எனக்கு எல்லாமே கேட்டது.

"யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

"சொல்லு."

"உன் மார்பளவு எவ்வளவு?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"என்னது?"

"ஸ்வெட்டருக்கு. பழைய அளவை வச்சுத்தான் பின்னிட்டிருக்கேன். நீ பெருத்தியா, இளைச்சியா, எனக்கு எப்படித் தெரியும்?"

"நாலு வருஷம் கழிச்சுப் போன் பண்ணிக் கேக்குற கேள்வியா இது?"

"ஆமா."

பாலத்தின் இரும்பு தடதடவென்று ஓடியது.

"என்ன சத்தம் அது? எங்க இருக்க?"

"ரயில்ல. பாலத்து மேல."

"நம்ம பாலமா?"

"ம்."

"அப்பப்ப இந்த வழியாத்தான் போறியா?"

"மாசாமாசம்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் படு கோபமாக வந்தது. "மாசாமாசம் வீட்டு வழியா போவாளாம், போன்ல அளவு கேப்பாளாம். அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது. என்கிட்ட டேப்பும் இல்ல. வேணும்னா நீயே வந்து எடுத்துக்க." போன் வைக்கப்பட்டது.

நூலக்கா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. ரயில் வேகம் குறைந்து, பிளாட்பாரம் ஜன்னலில் நகர ஆரம்பித்தது.

"வந்து எடுத்துக்கன்னா என்னடி அர்த்தம்?" என்று என்னைக் கேட்டார்.

"அர்த்தமா? முதல்ல எழுந்திரிங்கக்கா நீங்க!"

எழுந்தார். ஸ்வெட்டர் ஊசியோடு என் மடியில் வந்து விழுந்தது. உருண்டை சீட்டுக்கு அடியில் ஓடியது. பின்னல் பையில் கையை விட்டுத் துழாவி, இன்ச் டேப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். சூட்கேஸ், கருவிப் பெட்டி, கைப்பை ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் நிற்பதற்குள் வாசலில் போய் நின்றாயிற்று. நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் இறங்கியபிறகு அதைத் தோளில் மாட்டிவிட்டேன். மாட்டியதுகூடத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

"நாளைக்கு ஆபீஸுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு, வெட்கமாகவும் இருந்தது.

அவர் தலையாட்டினார். ரயிலின் ஏ.சி. குளிரில் காலையிலிருந்து கிடந்ததால் டேப் சில்லென்று இருந்திருக்க வேண்டும். ரயில் நகர்ந்தபோது வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நூலக்கா அதை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே வெளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.