வாஷர் மாமாவின் கரை

என் அக்கா வீட்டுக்காரரின் நிஜப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும் போய் நின்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "வாஷர்தான் போயிருக்கும்" என்பார். பத்தில் எட்டு முறை அதுதான் போயிருக்கும். மீதி இரண்டு முறைக்குச் சுவரை உடைக்க வேண்டி வரும். அப்படியே அவருக்கு வாஷர் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒருமுறை அவருடைய சொந்தப் பெயருக்கு வந்த கடிதத்தை, அப்படி ஒருவர் இந்தத் தெருவிலேயே இல்லை என்று தபால்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சுவருக்குள் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க அவரிடம் மெஷின் எதுவும் கிடையாது. ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். வீட்டில் யாரும் பேசக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் பென்சிலால் ஒரு சின்னச் சுழி போடுவார். அங்கே உடைத்தால் தண்ணீர் இருக்கும். வேலை முடிந்ததும் மாற்றிய பைப்பின் மேல் தேதியை எழுதி, பக்கத்தில் அதே சுழியைப் போட்டுவிட்டுப் போவார். என் வீட்டு மோட்டார் பைப்பில் மட்டும் அப்படி நான்கு சுழிகள் இருக்கின்றன.

எங்கள் குடும்பத்தில் அவரை யாரும் அவமதித்ததில்லை. ஆனால் அவரிடம் கேட்டு யாரும் எதையும் முடிவு செய்ததும் இல்லை. நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எனக்குக் குரல் பெரிது, அதைவிட வாய் பெரிது என்பாள் என் மனைவி. ஏரியைக் காக்க ஊரில் தன்னார்வக் குழு ஒன்று ஆரம்பித்தபோது, தலைவர் யார் என்று யாரும் கேட்பதற்கு முன்பே கையில் மைக்கோடு நின்றவன் நான். மாமாவும் குழுவில் சேர்ந்தார். கைவண்டியின் சக்கரத்தைச் சரி செய்வதும், எல்லோருக்கும் குடிதண்ணீர் கொண்டு வருவதும் அவர் வேலை. அதைக் கொடுத்ததும் நான்தான்.

ஏரியின் கிழக்குக் கரை வருஷா வருஷம் மழையில் சரிந்துகொண்டிருந்தது. கரைமேல் ஒரு நடைபாதை. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் குறுக்கு வழி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே கட்டிய சிமெண்டுச் சுவர் அடுத்த மழையிலேயே வாயைப் பிளந்துகொண்டு விழுந்தது. மாமா அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அக்காவிடம் சொன்னாராம்: "தண்ணி போற எடத்துல சிமெண்ட்ட பூசினா பக்கத்துல ஒடைக்கும். அதுக்கு வேருதான் வாஷர்."

அந்தக் கரையில் தானாக முளைக்கும் ஒரு குத்துச்செடி உண்டு. பெயர் யாருக்கும் தெரியாது, மாமா வைத்த பெயர் 'பிடிப்பான்'. வேர் ஆள் உயரத்துக்கு இறங்கும். வருஷத்துக்கு ஒருமுறைதான் விதை வரும், பத்து விதை போட்டால் ஒன்று முளைக்கும். மாமா மொட்டைமாடியில் தகர டப்பாக்களில் அதை வளர்த்தார். "துணி காயப் போட எடமில்ல, இவருக்குத் தோட்டம் ஒண்ணுதான் கொறைச்சல்" என்று அக்கா புலம்புவாள். பதினோரு மாதம் கழித்து, தினமும் விடியற்காலை வேலைக்குப் போகும் முன், யாரும் போகாத புதர்ப் பக்கமாக இறங்கி ஒவ்வொன்றாக நட்டார். ஆடும் எலியும் கடிக்காமலிருக்க, வேலையில் மிஞ்சும் பைப்பை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, பின்னால் கழற்ற வசதியாகப் பக்கவாட்டில் கீறல் விட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் சட்டை மாதிரி மாட்டினார். மொத்தம் முந்நூற்று நாற்பது கன்றுகள்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும் என்று எழுத ஆசைதான். ஆனால் அது முழு உண்மையில்லை. ஒரு கூட்டத்தில் அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார். "மச்சான், கெழக்குக் கரையில ஒரு சின்ன வேலை செஞ்சிருக்கேன். அதப் பத்தி ஒரு வார்த்தை..."

"மாமா, இன்னைக்கு லிஸ்ட்ல அது இல்ல. கடைசியில பாக்கலாம்" என்றேன். கடைசியில் நன்றியுரை முப்பது நிமிஷம் போனது, அதுவும் என்னுடையது. அவர் கையை மறுபடி தூக்கவில்லை.

அடுத்த மாதம் குழுக்களுக்கு இடையே ஏரித் துப்புரவுப் போட்டி வைத்தார்கள். எந்தக் குழு அதிக எடை பிளாஸ்டிக்கை எடுக்கிறதோ அதற்குக் கேடயம். அன்றைக்கு மருத்துவமனையில் பெரிய பைப்பு ஒன்று வெடித்து மாமா அங்கே போய்விட்டார். மதியம் வரை நாங்கள் பின்தங்கியிருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. இதுவரை யாரும் தொடாத கிழக்குக் கரைக்குக் குழுவை நடத்திக்கொண்டு போனேன். அங்கே தண்ணீர் ஏறி வடிந்திருந்தது. சேற்றில் வரிசையாகச் சாம்பல் நிறப் பைப்புத் துண்டுகள், அவற்றில் மாட்டிக்கொண்டு கிழிந்த பைகளும் பாசியும். பார்க்கக் குப்பைமேடுதான்.

"பாத்தீங்களா, எந்தப் புண்ணியவானோ கடையக் காலி பண்ணி இங்க கொட்டியிருக்கான்! இவனெல்லாம் மனுஷனா?" என்று மைக்கில் முழங்கினேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே பிடுங்க ஆரம்பித்தார்கள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மா மட்டும் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சார், உள்ள ஏதோ செடி இருக்கே."

"களைம்மா. ஓட்டை இருந்தா மொளைக்கத்தான் செய்யும். இழுங்க இழுங்க, நேரமில்ல."

முந்நூற்று நாற்பதும் வெளியே வந்தன. ஈரமும் சேறுமாக நல்ல எடை. எங்கள் குழு முதலிடம் என்று அறிவித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. மூட்டைகளைப் பிளாஸ்டிக் அரவை ஆலைக்குப் போகும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாய் அவிழ்ந்த ஒரு மூட்டையிலிருந்து ஒரு துண்டு என் காலடியில் விழுந்தது. எடுத்தேன். உள்ளே விரல் தடிமன் தண்டு, நான்கு இலை, வேரோடு ஒரு பிடி மண். வெளியே மார்க்கரில் ஒரு தேதி. பக்கத்தில் சுழி.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. கூட்டத்தில் அவர் தூக்கிய கைகூட ஞாபகம் வந்தது. லாரி நின்றுகொண்டிருந்தது, டிரைவர் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மூட்டைகளை இறக்கி, வேர்களைத் தண்ணீரில் போட்டு, மறுநாள் நட்டிருந்தால் முக்கால்வாசி பிழைத்திருக்கும். தெரியாமல் பிடுங்கியதை யார் வேண்டுமானாலும் மன்னிக்கலாம். அதற்குப் பிறகு வந்த நான்கு நிமிஷத்தைத்தான் என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"சார், நடுவுல வாங்க, போட்டோ" என்று கூப்பிட்டார்கள். துண்டை லாரிக்குள் எறிந்துவிட்டு நடுவில் போய் நின்றேன்.

மறுநாள் அக்கா போன் செய்தாள். "உங்க மாமா ஒரு மாதிரி இருக்காருடா. காலையில ஏரிக்குப் போயிட்டு வந்தவரு ஒரு வாய் சாப்பிடல. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு."

சாயங்காலம் போனேன். சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டேதான் போனேன். மாமா முற்றத்தில் ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"மச்சான், என்ன மன்னிச்சிரு. அந்தப் பைப்ப அங்க வெச்சது நான்தான். மருந்துக்கடை அம்மா கடையில பைப் மாத்தப் போனப்ப சொன்னாங்க. நீ கோவமா திட்டினியாமே. நியாயந்தான். ஒரு போர்டு வெச்சிருக்கணும், எனக்குத் தோணல. பாத்தா யாருக்குமே குப்பைன்னுதான் தெரியும்."

துடைத்த ஸ்பானரையே மறுபடி துடைத்துக்கொண்டு அவரே தொடர்ந்தார்.

"யாரு வெச்சதுன்னு வெளிய தெரியாதுல்ல? தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம். கேடயம் வாங்கின தலைவரோட மாமனே ஏரியில பிளாஸ்டிக் போட்டான்னு பேசுவாங்க. அதான் எனக்குச் சோறு எறங்கல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "பரவால்ல விடுங்க மாமா. அடுத்த தடவை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க."

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அவரை மன்னித்தேன். அவர் முகத்தில் உயிர் வந்தது. உள்ளே திரும்பி, "ஏய், உன் தம்பிக்குப் பெரிய மனசு, டீ போடு" என்றார். அக்கா சந்தோஷமாக டீ கொண்டு வந்தாள். குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருக்கிறது என்று வேறு குறை சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்து மழை பிடித்தது. மூன்றாம் நாள் கிழக்குக் கரையில் இருபது அடி நீளத்துக்கு மண் நடைபாதையோடு சேர்ந்து ஏரிக்குள் போனது. நல்லவேளை, அப்போது பாதையில் யாரும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நோயாளிகள் சந்தைத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. சக்கர நாற்காலியில் அம்மாவை வைத்துத் தள்ளிக்கொண்டு சேற்றில் திணறிய ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன தலைவரே, கேடயத்தக் கொண்டாந்து கரைக்கு முட்டுக் குடுங்களேன்" என்றார். அவர் கேலிதான் செய்தார். எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது.

கல்லூரிக் கூடத்தில் குழுவைக் கூட்டினோம். மருந்துக்கடை அம்மா எழுந்து, "அந்தப் பைப்புக்குள்ள இருந்தது களை இல்ல சார். யாரோ வளத்த கன்னு. அது இருந்திருந்தா கரை நின்னிருக்கும். அத வெச்சது யாருன்னு முதல்ல தெரியணும்" என்றார்.

கடைசி வரிசையில் மாமா எழுந்தார். சட்டையில் பைப் பசைக் கறை. "நான்தாங்க. யாரையும் கேக்காம வெச்சுட்டேன். தலைவர் மேல தப்பில்ல. அவருக்குத் தெரியாது."

கூடத்தில் சலசலப்பு. ஒருவர், "ஏன் வாஷர், ஏரிக்கும் பைப் லைன் போடலாம்னு பாத்தீங்களா?" என்றார். சிரித்தார்கள். இன்னொருவர், இப்படி ஆளாளுக்குத் தன்னிஷ்டத்துக்கு எதையாவது செய்தால் குழு எதற்கு என்று கேட்டார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க, தப்புதாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். அவரைப் பெற்றவர்கள் பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். என்னால் அதற்குமேல் உட்கார முடியவில்லை.

மைக்கை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எனக்குத் தெரியும். அவரு கூட்டத்துல சொல்ல வந்தாரு, நான் பேச விடல. பிடுங்கின அன்னைக்கு ஒரு பைப்பு என் கையில வந்துச்சு. அதுல அவரு எழுத்து இருந்துச்சு. பாத்துட்டு லாரியில போட்டுட்டேன்."

நான் எல்லோரையும் பார்த்துப் பேசினேனே தவிர மாமாவைப் பார்க்கவில்லை. அவர்தான் கேட்டார், மெதுவாக.

"அப்போ லாரி நின்னுட்டா இருந்துச்சு?"

"ஆமா மாமா."

"வேர்ல மண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று இரவு அக்கா போனில் அந்த வேலையைச் செய்தாள். "உன்னப் பெரிய மனசுன்னு சொன்னாருடா. நீ உக்காந்து டீ குடிச்சியேடா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தலைவர் பதவியை மருந்துக்கடை அம்மாவிடம் ஒப்படைத்தேன். அடுத்த விதைக் காலத்தில் நாற்பது வீட்டு மொட்டைமாடிகளில் தகர டப்பாக்கள் உட்கார்ந்தன. வாஷர் சொன்னபடிதான் இப்போது எல்லோரும் நடுகிறார்கள். எவ்வளவு ஆழம், எத்தனை கை இடைவெளி, எந்தப் பக்கம் கீறல் இருக்க வேண்டும் என்று அவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து காட்டுகிறார். நிறையச் சிரிக்கிறார். சரியாக நடாதவரை, "யோவ், இது செடியா கம்பமா?" என்று கிண்டல்கூடச் செய்கிறார். குடம் சுமக்கும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் இரண்டு குடங்களோடு சரிவில் இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கன்றைச் சுற்றி மண்ணை அமுக்கிக்கொண்டே, நிமிராமல், "இங்க ஊத்துங்க சார்" என்றார். யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.