பன்னிரண்டரை மணிக்கு இட்லி டோக்கன்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டை நிறுத்தியது யார்? நான்தான். இரண்டே இரண்டு சாய்வுக்கோடு போட்டு நிறுத்தினேன்.

கேன்டீன் டோக்கன் ஆப் என் பொறுப்பு. மணியைப் பார்த்து, டிபனா சாப்பாடா என்று டோக்கன் அடிப்பது அதன் வேலை. அதுவரை டோக்கன் மிஷினின் கடிகாரத்தைப் பார்த்த ஆப்பை, கிளவுட் சர்வரின் கடிகாரத்தைப் பார்க்கும்படி மாற்றி, பதினோரு மணிக்கு அனுப்பினேன்.

அனுப்பினால் என்ன நடக்கும்? கிளவுடில் ஒரு கன்டெய்னர் முளைக்கும். நம் ஹைவேயில் லாரி இழுத்துப் போவதல்ல... இது சில நிமிடமே வாழும் கம்ப்யூட்டர். நான் எழுதிய புரோகிராமை இறக்கி, அதைச் சோதிக்கும் டெஸ்டுகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் பச்சை என்றால் இமேஜ் என்று ஒரு பொட்டலமாகக் கட்டிக் கிடங்கில் சேர்க்கும். அங்கிருந்து சர்வருக்குப் போகும். இந்த வரிசைக்குப் பெயர்தான் பைப்லைன்.

அன்று ஒரு டெஸ்ட் சிவப்பு. 'பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வர வேண்டும், டிபன் வருகிறது' என்றது. என் லேப்டாப்பில் அதே டெஸ்ட் பச்சை! சிவப்பு விளக்கு எரிந்தால் விளக்கைச் சந்தேகிப்பதுதானே நம் வழக்கம்? அந்த டெஸ்டின் முன்னால் இரண்டு சாய்வுக்கோடு போட்டு முடக்கினேன்; கோடு போட்டதைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். மறுபடி அனுப்பினேன். எல்லாம் பச்சை.

பன்னிரண்டரைக்கு போன். கேன்டீன் சூப்பர்வைசர் முனியப்பா, பாகலூர்க்காரர்.

"ஏனு மேடம் இது? மிஷினு இட்லி டோக்கனா துப்புது. இங்க சோறு, சாம்பார் ரெடியா இருக்குது!"

"சோறே போட்டுடுங்கண்ணா."

"டோக்கன்ல இருக்கறதத்தான் போடணும்னு ரூல்ஸ் போட்டது உங்க ஆபீசு தானே மேடம்?"

ஓடினேன். கியூ வாசலைத் தாண்டி நின்றது. அரை மணி நேர இடைவேளையில் பத்து நிமிடம் போயே போய்விட்டது. முன்னால் நின்ற திருநெல்வேலி வெல்டர் கெஞ்சினார்: "இட்லியாவது தாங்கண்ணே, பசிக்குல்லா!"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. எங்கள் கிளவுட் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம்மைவிட, என் லேப்டாப்பைவிட, ஐந்தரை மணி நேரம் பின்னால். அதற்கு அப்போது காலை ஏழு பத்து, டிபன் நேரம்!

புது ஆப்பை உள்ளே விடுமுன் பைப்லைன் 'உயிரோடு இருக்கிறாயா?' என்று கேட்கும். ஆப்பும் 'இருக்கிறேன்' என்றிருக்கிறது. 'மணி என்ன?' என்று கேட்டது அந்த ஒரு டெஸ்ட்தான். அதன் வாயைத்தான் நான் அடைத்திருந்தேன்.

நல்லவேளை, பழைய இமேஜ் கிடங்கில் பத்திரமாக இருந்தது. அதையே மறுபடி ஓடவிட்டேன். இரண்டு நிமிடம். 'சாப்பாடு' என்று முதல் டோக்கன் வந்ததும் கியூவில் விசில் பறந்தது.

"என்னாச்சு மேடம்?" என்றார் முனியப்பா.

"என் லேப்டாப்ல சரியாத்தாண்ணா ஓடுச்சு..."

"அப்படியா? நாளையிலேந்து அதுக்கும் ஒரு தட்டு போட்டுடறேன்."