மண் தின்னாத துணி

போன சித்திரைப் புத்தாண்டு முடிந்த கிழமை நான் படுவான்கரைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, வயலில் புதைத்திருந்த மூன்று துணித்துண்டுகளைத் தோண்டி எடுக்க. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான அந்தப் பகுதிக்குப் போக நினைப்பவர்களுக்கு வழியும் நேரமும் இதில் இருக்கின்றன. ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வரம்புக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியைப் புதைக்காதீர்கள். புதைத்தால் அதில் கட்டம் கீறாதீர்கள்.

கமலா என்னோடு கம்பசில் படித்தவள். தாய்வழியாக அவளுக்கு வந்த மூன்று ஏக்கர் வயல், அம்பிளாந்துறைக்கு மேற்கே ஒரு வட்டையில் இருக்கிறது. வட்டை என்றால் ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்வெளி. அதன் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கொஞ்சக் காலமாக அவளுடைய நெல் மஞ்சளித்துக்கொண்டு வந்தது. யூரியாவைக் கூட்டிப் பார்த்தாள், பச்சை திரும்பவில்லை.

“உரம் போட்டாக் கல்லுக்குப் போட்ட மாதிரி இரிக்குடி. போன போகத்துத் தாள்கூட உக்காம அப்பிடியே கிடக்கு” என்று தொலைபேசியில் சொன்னாள்.

நான் திருகோணமலையில் மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். அவள் சொன்ன இரண்டாவது வசனம்தான் எனக்கு உறுத்தியது. அறுத்த பின் வயலில் நிற்கும் தாளையும் வைக்கோலையும் தின்று, அதில் இருக்கும் சத்தை வேருக்குத் திருப்பிக் கொடுப்பவை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள். யூரியாவைக்கூட அவைதான் உடைத்துப் பயிருக்குத் தோதாக்கிக் கொடுக்கவேண்டும். அவை இல்லாத வயலில் உரத்தைக் கூட்டுவது, சமையல்காரன் ஓடிப்போன கல்யாண வீட்டில் அரிசி மூட்டையைக் கூட்டுவது போலத்தான்.

அவை இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சுத்தப் பருத்தித் துணியை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, இரண்டு மாதம் கழித்துத் தோண்டவேண்டும். மண்ணுக்கு உயிர் இருந்தால் துணி இருக்காது. நான் மூன்று வெள்ளைத் துண்டுகளை வெட்டி, ஓரம் தைத்து, எவ்வளவு தின்றிருக்கிறது என்று எண்ணுவதற்காகக் கறுப்பு மையால் ஒவ்வொன்றிலும் நூறு கட்டம் கீறினேன். மூலையில் கமலாவின் ‘க’வையும் ஒரு எண்ணையும் போட்டு பஸ்ஸில் அனுப்பினேன். அந்த நேர்த்தியில் எனக்குப் பெருமை வேறு. பெரும்போக அறுவடை முடிந்த ஈரத்தோடு அவள் மூன்றையும் புதைத்தாள். ஒன்று பழைய மாட்டுப்பட்டி இருந்த மேட்டு மூலையில், ஒன்று நடுவயலில், ஒன்று பக்கத்து வயலோடு சேர்ந்த வரம்பின் மூலையில்.

புத்தாண்டுக்கு அடுத்த நாள் அழைத்தாள். குரல் சரியில்லை. மேல் வயல்காரர் அழகையா வரம்பு கட்டும்போது மூன்றாவது துணி மண்வெட்டியில் வந்துவிட்டது. எல்லையில் வெள்ளைத் துணி, அதில் கட்டம், மூலையில் எழுத்து. அதே கிழமைதான் அவருடைய பசு செத்த கன்றை ஈன்றிருந்தது.

“நீ கீறின கட்டமெல்லாம் இப்ப மந்திரிச்ச எந்திரமாப் போயிற்று. அவருக்கு நான் செய்வினை வச்சிட்டன் எண்டு வட்டை முழுக்கக் கதை. வக்கடையை அடைச்சுப்போட்டார்.”

வக்கடை என்பது வரம்பில் தண்ணீர் போக வெட்டிய வாய். கமலாவின் வயலுக்குத் தண்ணீர் அழகையாவின் வயலைத் தாண்டித்தான் வரவேண்டும். வெள்ளிக்கிழமை வாய்க்கால் திறக்கிறார்கள். முதல் தண்ணீர் கிடைக்காவிட்டால் உழ முடியாது, உழாவிட்டால் அவளுக்கு இந்தச் சிறுபோகம் இல்லை. அன்று பதினொரு மணிக்கு வயலிலேயே கூட்டம் என்றாள். நான் உடனே லீவு சொன்னேன்.

மட்டக்களப்பார் மந்திரம் போட்டு, வந்தவரைப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம். கடைசியில் மட்டக்களப்பாரே என்னைக் கண்டு பயப்படும் நிலை வரும் என்று யார் நினைத்தார்கள்?

வெள்ளிக்கிழமை திருகோணமலையில் காலை ஐந்து மணி பஸ் எடுத்தேன். மூதூர், வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஏறக்குறைய நாலு மணித்தியாலம். கடலும் களப்பும் மாறி மாறி வரும் அழகான வழி. இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். நான் அன்று எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. மழை முன்கூட்டியே நின்றுவிட்டது என்று கமலா சொன்னது மண்டையைக் குடைந்தது. காய்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும். உப்பு ஏறினாலும் அப்படித்தான். மூன்று துணியும் முழுசாக வந்தால் நான் எந்த முகத்தோடு விளக்கம் சொல்வது?

மட்டக்களப்பில் இருந்து கல்முனை பஸ்ஸில் குருக்கள்மடம் முக்கால் மணித்தியாலம். அங்கிருந்து வாவியைக் கடக்கவேண்டும். பாலம் கிடையாது, ‘பாதை’தான். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிப்போகும் தட்டையான மிதவைக்கு இங்கே அதுதான் பெயர். நான் இறங்கி ஓடும்போது அது கரையை விட்டுப் பத்து முழம் போயிருந்தது. கையைக் காட்டினேன். ஓட்டுகிறவர் அடுத்த தடவை வரச்சொல்லி அவரும் கையைக் காட்டினார். அது போய்த் திரும்பி வரும்வரை கரையில் நின்று நகத்தைக் கடித்தேன்.

அந்தக் கரையில் ஓட்டோக்காரர் ஒருவரிடம் இடத்தைச் சொன்னேன்.

“சீலை தாட்ட வட்டைக்கா?” என்றார்.

சீலை என்றது துணியை, தாட்ட என்றது புதைத்ததை. “எந்தச் சீலை?” என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

“திருகோணமலையில இரிந்து ஒரு பொம்பிள எழுதி அனுப்பினதாம். சரியான கெட்டிக்காரியாம். நான் வாய்க்கால் முடக்கு மட்டும் வாறன் தங்கச்சி. அங்கால வரமாட்டன்.”

சொன்னபடியே வாய்க்கால் வளைவில் இறக்கிவிட்டார். நான் யாரென்று அவருக்குச் சொல்லவில்லை.

வாய்க்கால் ஓரத்து மருதமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கமலா தனியாக வெயிலில் நின்றாள். நடுவில் இருந்தவர் சாமித்தம்பி, வட்டவிதானை. யாருக்கு எப்போது தண்ணீர் என்று முடிவு சொல்பவர் அவர்தான். அவர் முன்னால் ஒரு வாழையிலையில் என் துணி கிடந்தது. சேறு படிந்திருந்தாலும் நூறு கட்டமும் அப்படியே இருந்தன. நானே அதைப் பார்க்கக் கூசினேன்.

எனக்கு முன்கோபம். வந்த வேகத்தில், “இது சூனியமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மண்ணுக்கு ஒரு பரிசோதனை” என்று படபடவென்று பேசினேன். முகங்கள் இன்னும் இறுகின. அழகையா சத்தம் போடவில்லை. மெலிந்த மனிதர், கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. துணியைக் கையால் தொடாமல் ஒரு ஈர்க்கால் தூக்கிக் காட்டினார்.

“தங்கச்சி, ரெண்டு மாசம் மண்ணுக்குள்ள கிடந்த சீலை. ஒரு நூல் அறுந்திரிக்கா பாருங்க. நல்ல சீலையெண்டா மண் திண்டிரிக்கும்.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. அதை நம்பித்தானே நான் துணியையே அனுப்பினேன்?

“மத்த ரெண்டும் எங்க?” என்று விதானையார் கேட்டார்.

எல்லோரும் வரம்பில் வரிசையாகப் போனோம். நடுவயலில் கமலா மண்வெட்டியைப் போட்டாள். மேல்மண் காய்ந்து வெடித்திருந்தது. கிளம்பி வந்த துணியில் பாதிக் கட்டங்கள் இல்லை, ஓட்டை ஓட்டையாக இருந்தது. மேட்டு மூலையில் தோண்டியபோது முதலில் ஒன்றுமே அகப்படவில்லை. கையால் கிளறினேன். ஓரம் தைத்த நைலோன் நூல் மட்டும் சதுரமாக வந்தது, அதில் இரண்டு மூன்று கந்தல். என்னிடம் உப்புப் பார்க்கும் சின்னக் கருவி இருந்தது. மூன்று இடத்து மண்ணையும் தண்ணீரில் கரைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றுக்கும் ஒரே மழை, ஒரே வெயில். அப்பாடா, இனிப் புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அழகையாவுக்கு வேறு மாதிரிப் புரிந்தது. “பாத்தீங்களா விதானையார். மத்த ரெண்டையும் மண் திண்டிட்டு. என்ட வரம்பில வச்சதை மட்டும் திங்கல்ல. அப்ப அது எனக்கெண்டு வச்சதுதானே?”

நான் கொண்டுவந்த சாட்சியே கமலாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பின்னால் நின்ற ஒருவர், அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்குவோம் என்றார். மேலே வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

கமலா மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

“அழகையா அண்ண, அந்த மூலையிலதான் நான் மருந்துத் தாங்கி கழுவுறன். தண்ணி கிட்ட எண்டு, வயல் செய்யத் தொடங்கின நாளில இரிந்து அங்கதான். களைநாசினி, பூச்சி மருந்து, பூஞ்சண மருந்து, மிஞ்சினதெல்லாம் அங்கதான் ஊத்துற. நீங்களும் அங்கதானே ஊத்துறீங்க?”

“எல்லாரும் தண்ணி கிட்டத்தானே கழுவுற” என்றார் அவர். மற்றவர்கள் காலடியைப் பார்த்தார்கள்.

“மருந்துக்கும் சீலைக்கும் என்ன சம்பந்தம்?” என்று விதானையார் என் பக்கம் திரும்பினார்.

இந்தத் தடவை நான் மெதுவாகச் சொன்னேன். துணியைத் தின்கிற உயிர்தான் தாளையும் தின்கிறது, தாளைத் தின்றால்தான் அதிலுள்ள சத்துப் பயிருக்குத் திரும்பும். மருந்து ஊறிய மூலையில் அவை செத்திருக்கலாம், நடுவயலில் குறைந்திருக்கலாம். ‘கலாம்’ என்றுதான் சொன்னேன், ஒரு துணியை வைத்துச் சத்தியம் பண்ண என்னாலும் முடியாது.

“அது உங்கட கதை” என்றார் அழகையா.

விதானையார் அவர் பக்கம் திரும்பினார். “சரி, அழகையா. உன்ட சீலையில ஒரு துண்டு கிழி. கட்டமும் வேணாம், எழுத்தும் வேணாம். உன்ட கையால அதே மூலையில தாழு. கமலா, இந்தக் கட்டம் போட்ட சீலையை நீ பட்டி மூலையில தாழு. செய்வினையெண்டா அங்கயும் அதை மண் தின்னாது. மண்ணே சொல்லட்டும். தண்ணி இண்டைக்கே போகும்.”

அழகையா தோளில் கிடந்த, இடுப்பில் உடுக்கும் பழைய சாரனைக் கிழித்தார். அது பருத்திதானா என்று பார்க்க நான் ஒரு நூலை எரித்தேன். உருகாமல் சாம்பலானது. நான் நெருப்புப் பெட்டியை எடுத்ததுமே இரண்டு பேர் பின்னால் நகர்ந்ததைக் கவனித்தேன்.

வக்கடையை அடைத்தவர்தான் திறக்கவேண்டும். அழகையா எங்களைப் பார்க்காமல் மூன்று வெட்டு வெட்டினார். தண்ணீர் கமலாவின் வயலுக்குள் இறங்கியபோது அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ‘பாதை’க்குச் சில்லறை வைத்திருங்கள், கட்டணம் அடிக்கடி மாறும். இருட்ட முன்னர் கடைசிப் பயணம் எப்போது என்று போகும்போதே கேளுங்கள். குருக்கள்மடத்துக் கரையில் நிழல் குறைவு, தொப்பி அவசியம். பெரிய வெயில் தாங்காதவர்கள் தை, மாசியில் போங்கள். துணிப் பரிசோதனையை உங்கள் வீட்டுத் தோட்டத்திலும் செய்யலாம். காய்ந்த காலத்திலும் வெள்ளம் நிற்கும் இடத்திலும் செய்தால் விடை குழம்பும். பக்கத்து வீட்டாருக்கு முதலில் சொல்லிவிடுங்கள்.

ஆனியில் கமலா மறுபடி அழைத்தாள். விதானையார் முன்னால் இரண்டையும் தோண்டியிருந்தார்கள். பட்டி மூலையில் என் எந்திரம் ஒரு கட்டம்கூட இல்லாமல் போயிருந்தது. அழகையாவின் சாரன் துண்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் நின்று வரம்பு ஈரமாக இருந்தும், அப்படியே வந்ததாம். கழுவிக் காயப்போட்டால் இன்னும் உடுக்கலாம் போல.

“இவர் உன்னோட கதைக்கணுமாம்” என்று சொல்லி அழகையாவிடம் கொடுத்தாள்.

“தங்கச்சி, இந்த மண்ணை என்னெண்டு திங்க வைக்கிற?”

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அங்கே தாங்கி கழுவுவதை நிறுத்தவேண்டும். தாளை எரிக்காமல் உழுது விடவேண்டும். எருப் போடவேண்டும். எத்தனை போகம் எடுக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன்.

“ஓம். கழுவுறதை விட்டிட்டம்” என்றார். “அறுப்பு முடியட்டும். என்ட மாட்டுப்பட்டியை அந்த மூலையில போடுறன். கண்டுக்குட்டி செத்த பசுவையும் அங்கதான் கட்டப்போறன்.”