எதிர்வீட்டு மாமாவின் நீரிழிவு

எதிர்வீட்டு மாமாவுக்கு நீரிழிவு வந்ததற்கு நான்தான் காரணம். இதை இன்றைக்குச் சொன்னாலும் என் பெண் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தக் காரணத்தில் பாதிப் பங்கு அவளுடையது என்று அவளுக்குத் தெரியும்.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். மாதுங்காவில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்களுக்கு ஒன்றரை அறை. என் கணவர் கோட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வாசலில் நீளமான நடை, அதன் இரண்டு பக்கமும் வீடுகள். பகலெல்லாம் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். எதிர்வீட்டில் தாளிக்கிற கடுகு எங்கள் வீட்டில்தான் வெடிக்கிறதோ என்று தோன்றும். இந்தத் திறந்த கதவுகளைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் பாலக்காட்டிலிருந்து வந்தபோது என்னோடு கொண்டுவந்த சாமான்களில் மிகக் கனமானது என் ரோஷம்தான்.

அது எங்கே சேர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அம்மா கிடையாது. சித்தப்பா வீட்டில் வளர்ந்தேன். அங்கே பட்டினி போட்டார்கள் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். வேளாவேளைக்குச் சாதம் போட்டார்கள். ஆனால் வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் போட்டதைச் சொன்னார்கள். நான் இரண்டாம் தடவை சாதம் கேட்டால் அது மறுநாள் குளக்கரை வரைக்கும் போய்விடும். கல்யாணமாகி ரயில் ஏறியபோது ஒன்று தீர்மானம் பண்ணினேன், இனி ஒருத்தர் வீட்டுச் சோற்றில் என் கை படாது என்று. அதனால் அந்தக் கட்டடத்தில் யார் கிண்ணத்தில் எதைக் கொண்டுவந்தாலும், இப்போதுதான் சாப்பிட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். எனக்குத் திமிர்க்காரி என்று பேர். அந்தப் பேர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

முதல் தடவை எனக்குக் கரு நிற்கவில்லை. இரண்டாம் தடவை உண்டானபோது ரேஷன் வந்துவிட்டது. கார்டுக்குக் கொஞ்சம் அரிசி, மிச்சத்துக்குக் கோதுமை, சோளம், கம்பு என்று எது வந்திருக்கிறதோ அது. என் கணவர் சப்பாத்தியைச் சந்தோஷமாகத் தின்றார். எனக்கோ கோதுமை மாவின் வாசனை வந்தாலே குடலைப் புரட்டும். சோளம் அதைவிட மோசம். அரிசிக் கஞ்சி ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. எங்கள் இரண்டு பேர் அரிசியையும் நானே கஞ்சி வைத்துக் குடித்தாலும் வாரம் பாதியிலேயே டப்பா காலி. மிச்ச நாளெல்லாம் வாந்திதான்.

லேடி டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்தாள், கையைப் பிடித்துப் பார்த்தாள். இப்படியே போனால் இதுவும் நிற்காது என்று என் கணவரிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்குத் திரும்பிப் படியேறி வரும்போது அவர் இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, யாரிடமாவது அரிசி கேட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டார். கேட்டால் நான் அதைத் தொடமாட்டேன் என்றேன். வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன். அந்தக் கட்டடத்தில் படிக்கட்டுக்கும் காது உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

அதற்கடுத்த ரேஷன் நாளில் எதிர்வீட்டு மாமி வந்தாள். மாமியும் பாலக்காட்டுப் பக்கம்தான். வாட்டசாட்டமான உடம்பு, மடி ஆசாரத்தில் கெட்டி. பாத்திரம் தேய்க்கிறவள் தொட்டு வைத்த சொம்பைக்கூட ஜலம் தெளிக்காமல் உள்ளே எடுக்கமாட்டாள். அப்படிப்பட்ட மாமி இடுப்பில் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு என் வாசலில் நின்றாள். மாமாவுக்கு நீரிழிவு என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அரிசியைத் தொடப்படாதுன்னுட்டார். கார்டுக்கு வர அரிசி டப்பால கெடந்து புழுத்துப் போறது. நீ இதை எடுத்துண்டு உன் கோதுமையை எனக்குத் தாயேன். பெரிய உபகாரமா இருக்கும்" என்றாள்.

உபகாரம் கேட்டு வந்தவளை எப்படித் திருப்பி அனுப்புவது? எங்கள் கோதுமை அவ்வளவையும் அள்ளிக் கொடுத்தேன். கொடுத்து வாங்கினதில் கடனும் இல்லை, தயவும் இல்லை. சொல்லப்போனால் நான்தான் மாமிக்கு நல்லது செய்தவள். அன்று வைத்த கஞ்சியைத் தலை நிமிர்ந்து குடித்தேன், அது வயிற்றில் தங்கவும் தங்கியது.

வாராவாரம் இது நடந்தது. என் முகத்தில் ரத்தம் ஊறியது. ஒரே ஒரு குறை. மாமி கொண்டுவரும் அரிசி ஒருநாளும் ஒழுங்காக வெந்ததில்லை. பாதி குழைந்து கூழாகும்போது பாதி பல்லில் நறுக்கென்று மாட்டும். உங்கள் ரேஷன் கடைக்காரன் கடைசி மூட்டையைத்தான் உங்கள் தலையில் கட்டுகிறான், சண்டை போடத் தெரியவில்லை உங்களுக்கு என்று மாமியிடம் கேலி செய்வேன். மாமி தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வாள்.

மாமாவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கும். ரயில்வே ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, நடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு காபி குடிப்பதுதான் அவருக்கு ஒரே சுகம். அந்தக் காபியில் இப்போது சர்க்கரை கிடையாது. டபராவைக் கையில் வாங்கி ஒரு வாய் குடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வேப்பெண்ணெய் குடித்த குழந்தை மாதிரி முகம் கோணும். நானும் வாசலிலேயே நின்று, வெந்தயத்தை ஊறப்போட்டுத் தின்னுங்கள், பாகற்காய் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்வேன். ஆகட்டும் அம்மா என்பார். மாமி உள்ளே போய் இரும ஆரம்பிப்பாள். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

உபகாரம் என்பது அந்தக் கட்டடத்தில் தன் சொந்த முகத்தோடு வந்ததே இல்லை என்பதை இப்போது நினைத்தால் புரிகிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரு வாளியோடு மேலே வருகிறவர், எப்படியும் மேலே வரவேண்டியிருந்தது என்பார். கீழ்வீட்டு மராட்டியப் பெண்மணி மார்க்கெட்டிலிருந்து எனக்கும் சேர்த்துக் காய் வாங்கி வந்து, கடைக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று அவனைத் திட்டுவாள். நானும் அவனைத் திட்டுவேன். நல்லவேளை, அவனுக்கு என் பாஷை தெரியாது.

ஏழாம் மாசத்தில் ஒரு மத்தியானம், கல் பொறுக்கலாம் என்று அரிசியை முறத்தில் கொட்டிப் பரப்பினேன். ஜன்னல் வெயில் நேராக முறத்தில் விழுந்தது. நெல் விளைகிற ஊர்க்காரிக்கு அரிசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒன்றாகக் கிடந்தன. நெட்டையும் குட்டையும் நொய்யும் கிடந்தன. குட்டை அரிசியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தேன், மாம்பூ வாசனை. அது கீழ்வீட்டு மராட்டியப் பெண்மணிக்கு அவளுடைய ஊரிலிருந்து வருகிற அரிசி, அவள் வீட்டில் சோறு வெந்தால் படிக்கட்டெல்லாம் மணக்கும். ஒரு கார்டுக்கு ஒரு கடையில் ஒரு வாரத்தில் இத்தனை ஜாதி அரிசி வராது. எந்தப் பாலக்காட்டுக்காரியும் பச்சரிசியையும் புழுங்கலையும் ஒரே டப்பாவில் போடவும் மாட்டாள், நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டினால் ஒழிய.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் தேய்க்கிறவள் உள்ளே வந்தாள். தாராவியிலிருந்து நடந்து வருகிறவள், திருநெல்வேலிப் பக்கம், நாலைந்து வீட்டில் வேலை. முறத்தையும் என் முகத்தையும் பார்த்தவுடனே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. நான் கேட்ட கேட்பில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கட்டடத்தில் முன்பெல்லாம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி கோவிலுக்கு என்று எடுத்து வைப்பார்களாம். ரேஷன் வந்ததும் அது நின்றுபோனது. மாமி வீடு வீடாகப் போய், அதே பிடியை மறுபடி எடுங்கள், இந்தத் தடவை இந்தப் பெண்ணுக்கு என்று சொல்லியிருக்கிறாள். மாமியின் சமையலறை வாசலில் டப்பா இருக்கிறது, அவரவர் வந்து போட்டுவிட்டுப் போகிறார்கள். என்னிடமிருந்து போன கோதுமையை, பிடி போட்ட வீடுகளுக்கெல்லாம் மாமி பங்கு போட்டுக் கொடுக்கிறாள். மாமாவுக்கு ஒரு வியாதியும் இல்லை.

முறத்தில் அங்கங்கே தடிமனாக, சிவப்பாகச் சில மணிகள் கிடந்தன. இது யார் வீட்டு அரிசி என்று கேட்டேன். மாதுங்காவில் யாரும் அதை வாங்கமாட்டார்கள். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"யம்மா, அது நான் போட்டது. எங்க கடையில இந்தச் செவப்பு அரிசிதான் போடுதான். தெரிஞ்சுபோச்சேன்னு குடிக்காம இருந்துராதீய. வயித்துல பிள்ள இருக்கு."

சொம்புக்கு ஜலம் தெளிக்கிற மாமி, தாராவி அரிசியை அதே டப்பாவில் வாங்கிக் கலந்திருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. முறத்திலிருந்ததை டப்பாவில் அள்ளிப் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய், நான் என்ன பிச்சைக்காரியா என்று கேட்டுவிட்டு அங்கேயே கவிழ்த்துவிட வேண்டும் என்று எழுந்தேன். வாசல் வரை போயும் விட்டேன். அன்று ஏதோ விடுமுறை. மாமா நடையில் உட்கார்ந்திருந்தார், மாமி அப்போதுதான் டபராவைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மாமாவின் கை சட்டென்று நின்றது. பக்கத்திலிருந்த சர்க்கரைக் கிண்ணத்தை மாமி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சர்க்கரை இல்லாத அந்தக் காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். முகம் கோணியது.

நான் டப்பாவோடு அப்படியே நின்றேன். சித்தப்பா வீட்டில் எனக்குப் போட்ட சோறு ஊருக்கே தெரியும். இங்கே எனக்குப் போட்ட சோறு எனக்கே தெரியக்கூடாது என்று ஒரு மனுஷர் மாசக்கணக்கில் கசப்பு குடித்துக்கொண்டிருக்கிறார். என் ரோஷம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இதற்கு முன்னால் நிற்காது. அது தோற்றதில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

என்ன வேண்டும் என்று மாமி கேட்டாள். டப்பா காலியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வந்தேன், பார்த்தால் இன்னும் இருக்கிறது என்று உளறிவிட்டு உள்ளே வந்தேன். உலையை வைத்தேன். அந்தச் சிவப்பு அரிசியில் ஒரு மணியைக்கூடப் பொறுக்கி எறியாமல் கஞ்சி காய்ச்சினேன். பாதி குழைந்தது, பாதி பல்லில் மாட்டியது. கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

பாத்திரம் தேய்க்கிறவளிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து மாமா ஆபீசிலிருந்து வருகிற நேரத்துக்கு எனக்குத் தவறாமல் தலைவலி வரும். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். சாத்தின கதவுக்கு அந்தப் பக்கம் டபராவில் கரண்டி கலக்குகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டு நான் தலைகாணியில் முகத்தை வைத்துச் சிரிப்பேன், வயிற்றுக்குள் இருந்தவள் உதைப்பாள்.

எங்கள் வீட்டுச் சர்க்கரையை அந்த வாரத்திலிருந்து நான் தொடவில்லை. என் கணவரும் முணுமுணுக்காமல் விட்டுக்கொடுத்தார்.

நல்லபடியாகப் பிரசவம் ஆனது. பெண். லேடி டாக்டர் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, ரேஷன் காலத்தில் இப்படி ஒரு குழந்தையா என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். குழந்தை அழுத அழுகையில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் தூங்கிக்கொண்டிருந்த மற்ற குழந்தைகளெல்லாம் எழுந்துகொண்டன. பெண் பிறந்ததற்கு எதற்கு ஊருக்குச் சர்க்கரை கொடுப்பது என்று எங்கள் ஊரில் கேட்டிருப்பார்கள். என் கணவர் கொடுக்கப் புறப்பட்டார், நானே கொடுப்பேன் என்று நிறுத்திவிட்டேன். தீட்டுக் கழிந்த மறுநாள், சேர்த்து வைத்த சர்க்கரை அத்தனையையும் ஒரு தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டு, என்னை எந்நாளும் எரிச்சல்படுத்திய அந்தத் திறந்த கதவுகளில் ஒன்று விடாமல் நானே ஏறி இறங்கினேன். பாத்திரம் தேய்க்கிறவளுக்கு இரண்டு கையும் நிறையக் கொடுத்தேன்.

எதிர்வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மாமா நடையில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார், நான் போட்டேன். வாய் வரை கொண்டுபோனவர் நினைப்பு வந்து மாமியைப் பார்த்தார். மாமி பதறிப்போய், அவருக்கு ஆகாதே என்று ஆரம்பித்தாள்.

"சாப்பிடுங்கோ மாமா. உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லேன்னு எனக்கு ஏழாம் மாசத்துலேயே தெரியும்" என்றேன்.

மாமி என்னைப் பார்த்தாள், சாயங்காலமெல்லாம் சாத்தியே கிடந்த என் கதவைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், இந்தத் தடவை அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. மாமா சர்க்கரையை வாயில் போட்டு, கண்ணை மூடி, நிதானமாகக் கரையவிட்டார். பிறகு கண்ணைத் திறந்து கையை மறுபடியும் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.